அறவுணர்வு: கூடப் பிறந்ததா, கற்றுக்கொண்டதா?

"கடவுள் பயம் விட்டுப்போனால் மனிதன் எதற்கும் துணிந்துவிடுவான்" என்பார் ஒருவர். "நல்லது கெட்டது எல்லாம் சமூகம் சொல்லிக்கொடுத்ததுதான், பிறக்கும் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது" என்று இன்னொருவர் மறுப்பார். "மனசாட்சி எல்லாருக்கும் கூடவே பிறப்பது, மதம் வந்துதான் அதைக் கெடுத்தது" என்று மூன்றாமவர் குறுக்கிடுவார். பேச்சு சூடு பிடிக்கும், முடிவு வராது. மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் முடிவு எப்படி வரும்?

குழந்தை எதைக் கொண்டு பிறக்கிறது என்பது ஒரு கேள்வி. வளரும்போது அதில் எது சேர்கிறது, எது உதிர்கிறது என்பது இரண்டாவது. இதில் மதத்தின் பங்கு என்ன என்பது மூன்றாவது. இவை அனைத்துக்கும் விடை கிடைத்தாலும், ஒரு செயல் சரியா தவறா என்பது அதிலிருந்து தெரிந்துவிடுமா என்பது நான்காவது. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் நேரும் கேடு சிறியதல்ல. நம்பிக்கை இல்லாதவருக்கு ஒழுக்கம் இருக்காது என்றும், நம்பிக்கை உள்ளவருக்குச் சொந்த யோசனை இருக்காது என்றும் சக மனிதர்கள் மேல் முத்திரை குத்துவது இந்தக் குழப்பத்தில் பிறப்பதுதான்.

வாதம் மிகப் பழையது. சீனாவில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிந்தனையாளர் மென்சியஸ், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு பதறும் என்றார். அந்தப் பதற்றம் பெற்றோரின் நன்றியையோ ஊராரின் பாராட்டையோ எதிர்பார்த்து வருவதில்லை, அது மனித இயல்பிலேயே இருக்கும் முளை என்பது அவர் வாதம். அடுத்த நூற்றாண்டில் இன்னொரு சீனச் சிந்தனையாளரான சுன்சி அதை நேருக்கு நேர் மறுத்தார். இயல்பு கெட்டது, நன்மை பயிற்சியால் வருவது என்றார். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியின் சில பகுதிகளைச் சோதித்துப் பார்க்க வழி பிறந்திருக்கிறது.

## 'உள்ளார்ந்தது' என்றால் என்ன?

பெரும்பாலான குழப்பம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. உள்ளார்ந்தது என்றவுடன், பிறக்கும்போதே முழுமையாக இருப்பது, எந்த நாளும் மாறாதது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பொருளில் சொல்வதில்லை. அனுபவம் வந்து சேர்வதற்கு முன்பே ஓரளவு ஒழுங்கோடு அமைந்திருப்பதுதான் உள்ளார்ந்தது. பிறகு அனுபவம் அதை வளர்க்கலாம், திருப்பலாம், குறுக்கவும் செய்யலாம்.

மொழியை நினைத்துப் பாருங்கள். எந்தக் குழந்தையும் பேசிக்கொண்டே பிறப்பதில்லை. ஆனால் மொழியைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாமலும் பிறப்பதில்லை. ஒரே வீட்டில் வளரும் பூனைக்குட்டி எத்தனை ஆண்டுகள் பேச்சைக் கேட்டாலும் பேசாது. குழந்தை பேசிவிடும். எந்த மொழியைப் பேசும் என்பதைச் சுற்றியிருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. கற்றல் சேர்ப்பதோடு நிற்பதில்லை, கழிக்கவும் செய்கிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், ஆங்கிலத்தில் இல்லாத இந்தி ஒலி வேறுபாடுகளைத் தெளிவாகப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. சுற்றிலும் கேட்காத ஒலிகளுக்குக் காது மந்தமாகிவிட்டது.

அறவுணர்வும் ஏறத்தாழ இப்படித்தான் வளர்கிறது என்பது இன்றைய ஆய்வுகளைப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு. ஒப்பீடு ஓர் இடத்தில் உடைகிறது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த மொழியும் சரி அல்லது தவறு ஆகாது. அறம் அப்படியல்ல. 'இது எங்கள் வழக்கம்' என்று சொல்லிக் கொடுமையை நியாயப்படுத்திவிட முடியாது. அந்த உடைப்புக்குக் கடைசியில் வருவோம்.

சுருக்கம்: உள்ளார்ந்தது என்றால் முடிந்துபோனது என்று பொருளல்ல. கற்றுக்கொள்வதற்கான முன்னேற்பாடு என்று பொருள்.

## கைக்குழந்தைகளிடம் பார்த்தது

2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. மேடையில் ஒரு சிறு குன்று. கண்கள் ஒட்டிய மரவட்டம் ஒன்று அதன்மேல் ஏற முயன்று சறுக்குகிறது. ஒருமுறை வேறொரு வடிவம் பின்னால் வந்து அதை மேலே தள்ளி உதவுகிறது. இன்னொரு முறை மற்றொரு வடிவம் மேலிருந்து வந்து கீழே தள்ளிவிடுகிறது. இதைப் பார்த்த குழந்தையின் முன் உதவிய வடிவத்தையும் தடுத்த வடிவத்தையும் நீட்டுகிறார்கள். பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரும் உதவிய வடிவத்தை நோக்கிக் கை நீட்டினர். 'அறம் பிறவியிலேயே இருக்கிறது, நிரூபணமாகிவிட்டது' என்று பலர் எழுதினார்கள்.

அவசரப்பட்டுவிட்டார்கள். அண்மையில் உலகெங்கும் 37 ஆய்வகங்கள் சேர்ந்து இதே கேள்வியை மீண்டும் சோதித்தன. கணக்கில் கொள்ளப்பட்ட 567 குழந்தைகளில் உதவிய வடிவத்தைத் தேர்ந்தவை ஏறத்தாழ 49 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். இந்த முறை நேரடி மேடைக்குப் பதிலாகத் திரையில் அசைவுப்படம் காட்டப்பட்டது என்பதால் கதவு முழுவதுமாக அடைபடவில்லை. ஆனாலும் ஆறு மாதக் குழந்தை நல்லவரையும் கெட்டவரையும் பிரித்தறிகிறது என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. மேடைப் பேச்சுகளிலும் பகிர்வுகளிலும் இன்னும் முதல் பாதி மட்டுமே உலவுகிறது.

இதைவிட உறுதியான சான்று சற்று வளர்ந்த குழந்தைகளிடம் இருக்கிறது. 2006-இல் வெளியான ஆய்வில் ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். அறிமுகமில்லாத பெரியவர் ஒருவர் கொடியில் துணி மாட்டுகிறார். கையிலிருந்த கிளிப் கீழே விழுகிறது. எட்டி எடுக்கப் பார்க்கிறார், எட்டவில்லை. குழந்தையிடம் அவர் கேட்கவில்லை. தத்தித் தத்தி நடந்து வந்த குழந்தை கிளிப்பை எடுத்து அவர் கையில் கொடுக்கிறது. பாராட்டும் இல்லை, பரிசும் இல்லை. வெவ்வேறு சூழல்களில் குறைந்தது ஒருமுறையாவது உதவியவர்கள் 24-இல் 22 பேர். அவரே வேண்டுமென்று கிளிப்பை வீசியபோது குழந்தைகள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிட்டார்கள். பொருள் கீழே கிடப்பதல்ல, அவருடைய முயற்சி தடைபடுவதுதான் குழந்தைக்குப் பட்டிருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். உதவிய ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசே பெறாத குழந்தைகளைவிடப் பின்னால் குறைவாக உதவினார்கள். குழந்தைக்கு நன்மையில் நாட்டம் வர ஆசை காட்ட வேண்டும் அல்லது பயம் காட்ட வேண்டும் என்று நம்பும் பெற்றோர் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றரை ஆண்டு மனிதர்களோடு வாழ்ந்துவிட்டது என்பதால், இதுவும் கலப்பற்ற பிறவிச் சான்று ஆகாது. ஆனால் மதபோதனையோ நீதிக்கதையோ புரியும் வயதுக்கு வெகு முன்பே உதவும் விருப்பம் வந்துவிடுகிறது.

## எலியும் மூளையும் சொல்வது

உயிரினங்களுக்குள் உதவும் குணம் எப்படி நிலைத்தது என்பதற்குப் பரிணாம அறிவியல் இரண்டு அடிப்படை விளக்கங்களைத் தருகிறது. உறவினருக்கு உதவினால், தன்னிடம் உள்ள அதே மரபணுக்களின் பிரதிகள் அவர்கள் வழியாக நிலைக்கின்றன. இது உறவுத் தேர்வு, 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்காக எழுதிக் காட்டியது. உறவில்லாதவருக்கு இன்று உதவினால் நாளை அவர் திருப்பி உதவக்கூடும். இது பரிமாற்ற உதவி, 1971-இல் உயிரியலாளர் டிரிவர்ஸ் விளக்கியது. 'அப்படியானால் எல்லாம் சுயநலம்தானே' என்று முடிவு கட்ட வேண்டாம். குணம் எப்படி நிலைத்தது என்பது வேறு, உதவும் நேரத்தில் மனத்தில் ஓடுவது வேறு. குழந்தையை அள்ளி அணைக்கும் தாய் மரபணுக் கணக்குப் போடுவதில்லை.

எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இந்த விவாதத்துக்கே சாவி போன்றது. ஒடுங்கிய குழாய்க்குள் ஓர் எலி அடைபட்டிருக்கிறது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். வெளியே சுற்றும் எலி சில நாள்களில் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு கூட்டாளியை விடுவிக்கிறது. வெற்றுக் குழாயை அப்படித் திறப்பதில்லை. இது 2011. அதே குழுவினர் 2014-இல் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: முன்பின் அறியாத எலியையும் விடுவிக்குமா? தன் இனத்து அந்நியனை வெள்ளை எலி விடுவித்தது, வேற்றினத்து எலியை விட்டுவிட்டது. பிறந்தது முதல் வேற்றினத்தோடு மட்டுமே வளர்க்கப்பட்ட வெள்ளை எலிகளோ, அந்த இனத்து அந்நியர்களை விடுவித்தன, தம் சொந்த இனத்து எலிகளைக் கைவிட்டன.

உதவும் உந்துதலை யாரும் எலிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. 'நம்மவர்' யார் என்பது ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கவும் இல்லை. உந்துதல் உள்ளிருந்து வந்தது, எல்லைக்கோட்டை வளர்ப்பு போட்டது. மனிதர் எலி அல்ல என்பது உண்மை. ஆனால் 'பிறவியா, வளர்ப்பா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

மூளையின் பங்கும் இருக்கிறது. 1999-இல் இருவரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஒருவருக்கு மூன்று மாத வயதில், மற்றவருக்குப் பதினைந்து மாத வயதில் மூளையின் முன்பகுதி சேதமடைந்தது. இருவரும் அக்கறையான குடும்பங்களில் வளர்ந்தவர்கள், உடன்பிறந்தோர் ஒழுங்காக வளர்ந்தார்கள். இவர்களோ பொய், திருட்டு என்று போனார்கள், குற்றவுணர்வு தோன்றவில்லை. பெரியவர்களான பிறகு அதே பகுதியில் அடிபட்டவர்கள் சரி எது, தவறு எது என்பதை வாயால் சரியாகச் சொல்வார்கள். இவர்களுக்கு அந்தப் புரிதலே உருவாகவில்லை. இரண்டே பேர் என்பதால் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. ஆனால் நல்ல வளர்ப்பு மட்டும் போதும் என்ற எண்ணம் இங்கே தடுமாறுகிறது.

## விதியை மீறுவதும் தீங்கு செய்வதும்

குழந்தைகள் பெரியவர் சொல்வதையெல்லாம் ஒரே தட்டில் வைப்பதில்லை. உளவியலாளர் எலியட் டூரியலும் அவர் வழிவந்தவர்களும் 1970-கள் தொட்டு இதைக் காட்டிவருகிறார்கள். அவர்கள் இரண்டைப் பிரித்தார்கள். பலர் சேர்ந்து ஒப்புக்கொண்டதால் மட்டுமே நிற்கும் விதி வழக்கம். யார் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் தவறாகவே தோன்றுவது அறத்தின் பாற்பட்டது. ஆசிரியரே அனுமதித்தால் வகுப்பில் சீருடை இல்லாமல் வரலாமா என்று கேட்டால் சிறு குழந்தைகள் வரலாம் என்கிறார்கள். ஆசிரியர் அனுமதித்தால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கலாமா என்றால், கூடாது, வலிக்கும் என்கிறார்கள்.

மிகுந்த மதப்பற்றுள்ள கிறித்துவச் சமூகங்களின் பிள்ளைகளிடம் உளவியலாளர் லாரி நூச்சி இதையே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று கடவுள் விதிக்கவில்லை என்றால் வேலை செய்யலாமா? செய்யலாம் என்றார்கள். கடவுளே திருடச் சொல்லியிருந்தால் திருடுவது சரியாகிவிடுமா? பெரும்பாலோர், ஆகாது என்றார்கள். கடவுள் ஒன்றை விரும்புவதால் அது நல்லதாகிறதா, நல்லது என்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா என்று பிளேட்டோ எழுப்பிய கேள்வியை இந்தப் பிள்ளைகள் படித்ததில்லை. ஆனாலும் பதிலின் ஒரு பாதி அவர்களிடம் இருந்தது.

இந்தப் பிரிப்பு எல்லா இடத்திலும் பொருந்துமா? 1987-இல் மானிடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடர் குழுவினர் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் ஒரே பட்டியலைக் காட்டிக் கேட்டார்கள். தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்பது அதில் ஒன்று. சிகாகோவில் அது யாருக்கும் பொருட்டாகப் படவில்லை. புவனேஸ்வரத்தில் அது மிகக் கடுமையான பாவங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. இதை வெறும் வழக்கம் என்று அவர்கள் ஒதுக்கவில்லை.

டூரியல் தரப்பின் மறுமொழி யோசிக்க வைக்கிறது. அந்தச் செயலால் இறந்த தந்தையின் ஆன்மா துன்புறும் என்று புவனேஸ்வரத்தார் நம்பினார்கள். தந்தையைத் துன்புறுத்தலாகாது என்பதில் சிகாகோக்காரருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இறந்தவருக்கு நோகுமா என்பதில்தான் வேறுபாடு. எல்லா முரண்பாடும் இப்படி எளிதாகக் கரைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மதம் அறத்துக்குள் நுழையும் முக்கியமான வாசல் இங்கே தெரிகிறது: யாருக்கு, எது, எப்போது தீங்காகும் என்று மதம் உலகத்தை விவரிக்கிறது.

சுருக்கம்: தீங்கைக் கண்டு சுளிக்கும் உணர்வு சீக்கிரமே வருகிறது, பரவலாகவும் இருக்கிறது. தீங்கு எது என்ற விவரம் இடத்துக்கு இடம் மாறுகிறது.

## சமூகம் செதுக்கும் பகுதி

2015-இல் ஏழு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது: இந்தியா, கனடா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா. இரண்டு குழந்தைகள் எதிரெதிரே அமர்கிறார்கள். நடுவில் ஒரு கருவி, அதன் இரண்டு தட்டுகளிலும் இனிப்புகள். முடிவு செய்யும் குழந்தை பச்சைக் கைப்பிடியை இழுத்தால் அவரவர் பங்கு அவரவர் கிண்ணத்தில் விழும். சிவப்பை இழுத்தால் இருவருக்கும் கிடைக்காது.

எனக்கு ஒன்று, அவனுக்கு நான்கு என்று வந்தால் என்ன நடக்கிறது? ஏழு நாடுகளிலும், வயது ஏற ஏறக் குழந்தைகள் சிவப்பை இழுத்தார்கள். கைக்கு வந்த ஒரு இனிப்பையும் இழக்கத் தயாரானார்கள். எனக்கு நான்கு, அவனுக்கு ஒன்று என்று வந்தால்? அதை மறுத்தவர்கள் கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளின் சற்றுப் பெரிய பிள்ளைகள் மட்டுமே. தனக்கு அநியாயம் நேரும்போது வரும் கோபம் எங்கும் விளைகிறது. தன் பக்கம் சாய்ந்திருக்கும் அநியாயத்தை உறுத்தலோடு பார்ப்பது எல்லா இடத்திலும் தானாக வந்துவிடுவதில்லை. மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு நியாய உணர்வு குறைவு என்று இதைப் படிப்பது தவறு. நியாயம் வெளிப்படும் வழி ஊருக்கு ஊர் வேறு, இந்தச் சோதனை அதில் ஒன்றைத்தான் அளக்கிறது.

பெரியவர்களிடமும் இதே விரிவு தெரிகிறது. ஒருவருக்குப் பணம் கொடுத்து, முன்பின் அறியாத இன்னொருவருக்கு ஒரு பங்கு தரச் சொல்கிறார்கள். பங்கு பெறுபவர் அதை ஏற்க மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஜோசப் ஹென்ரிக்கும் மானிடவியலாளர்களும் இதைப் பதினைந்து சிறு சமூகங்களில் நடத்தினார்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் தந்தார்கள். இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் தந்தது பாதிக்கும் மேல். லமலேராவில் திமிங்கில வேட்டைக்குப் படகு நிறைய ஆள் வேண்டும், ஒருவர் தனியாகப் பிழைக்க முடியாது. பிழைப்பு எப்படிப் பகிர்ந்து நடக்கிறதோ, அதற்கேற்ற நியாயம் பழக்கமாகப் படிகிறது.

## மதம் என்ன செய்கிறது?

இங்கே இரு தரப்பும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் குறைவாகவே பகிர்கிறார்கள் என்று 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது, செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. மறு ஆய்வில், நாடுகளைக் குறிக்க இட்ட எண்களை அளவுகளைப்போல் கணக்கில் சேர்த்த பிழை தெரிந்தது. திருத்திப் பார்த்தால் அந்த முடிவு நிற்கவில்லை, 2019-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அதை மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

நம்பகமான ஒரு முயற்சி 2016-இல் வந்தது. எட்டுச் சமூகங்களில் 591 பேர். ஒவ்வொருவர் முன்னும் 30 நாணயங்கள், இரண்டு கிண்ணங்கள், இரு நிறப் பகடை. எந்தக் கிண்ணத்தில் போடுவது என்று மனத்துக்குள் நினைத்துவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் வந்தால் நினைத்த கிண்ணத்தில், மறு நிறம் வந்தால் மற்றதில். ஒரு கிண்ணம் தனக்கோ தன் ஊராருக்கோ, இன்னொன்று தொலைவில் வாழும் ஒருவருக்கு. மனத்தில் நினைத்ததை மாற்றிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கடவுளுக்குத்தான். தங்கள் தெய்வம் எல்லாம் அறிவது, தண்டிப்பது என்று அதிகம் நம்பியவர்கள், தொலைவில் இருப்பவருக்குக் கூடுதலாகப் போட்டார்கள்.

அந்தத் தொலைவுக்காரர் யார் என்பதைக் கவனியுங்கள்: அதே தெய்வத்தை வணங்குபவர். முகம் தெரியாதவரையும் நம்மவராக எண்ண மதம் கற்றுக்கொடுக்கக்கூடும் என்பதற்கு இது ஆதரவு. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவரைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. மேலும் இது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் காட்டுகிறது, ஒன்றால் மற்றது விளைந்தது என்று நிரூபிக்கவில்லை.

## எங்கிருந்து வந்தது என்பதும் சரியா என்பதும்

இனி நான்காவது கேள்வி. நம்மவர் பக்கம் சாய்வதும் நம் இயல்பில் இருக்கிறது. அதனால் அது சரியாகிவிடுவதில்லை. ஒன்றைச் சமூகம் கற்றுக்கொடுத்தது என்பதால் அது பொய்யாகிவிடுவதும் இல்லை, பெருக்கல் வாய்ப்பாட்டையும் சமூகம்தானே கற்றுக்கொடுத்தது? மொழி ஒப்பீடு உடையும் இடம் இதுதான். ஊரே ஒரு சொல்லை ஒருவிதமாகச் சொன்னால் அதுவே சரியான சொல். ஊரே சேர்ந்து ஒன்றைச் செய்தாலும் அது கொடுமையாகவே இருக்கக்கூடும்.

1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அடிமை வாணிகம் சட்டப்படி நடந்த காலம், குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த அவர்களுடைய சபையிலேயே அடிமைகளை வைத்திருந்தோர் இருந்தார்கள். பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அதையே பிறருக்குச் செய்ய வேண்டும், அதில் தலைமுறையோ பிறப்போ நிறமோ வேறுபாடு ஆகாது என்பது மனுவின் வாதம். அந்த நெறியை அவர்களுக்குத் தந்தது மதம். அதே மதநூலைக் காட்டித்தான் பின்னாளில் அமெரிக்காவில் பலர் அடிமைமுறையை ஆதரித்தார்கள். நால்வரும் புதிய நெறி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கையில் இருந்த நெறியை, அது எட்டாத மனிதர்கள் வரை நீட்டினார்கள்.

சபையின் மாதக் கூட்டம் அந்த மனுவை, எங்கள் சக்திக்கு மீறிய கனமான விஷயம் என்று மேல் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது, முடிவு எடுக்கப்படவில்லை. அதன் பின் தலைமுறை தலைமுறையாகச் சபைக்குள் வாதம் நடந்தது. வீடு வீடாகப் போய் அடிமை உரிமையாளர்களிடம் பேசினார்கள். உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் விதித்தது 1776-இல், மனு எழுதி 88 ஆண்டுகளுக்குப் பிறகு.